சீனியர் நோட்டுல இல்லாத எந்திரம்!

ரெக்கார்டு நோட்டு... இந்தப் பேரைக் கேட்டாலே இன்ஜினீயரிங் மக்களுக்குப் பெருமூச்சு வரும். ஒரு பக்கம் செய்முறை, எதிர்ப் பக்கம் பென்சில் படம். ரீடிங்? இருக்கவே இருக்கு சீனியரோட நோட்டு! எல்லாம் அழகா முடிஞ்சு சைனும் வாங்கியாச்சு. ஆனா வைவால எக்ஸ்டர்னல், 'சரிப்பா, இது ஏன் இப்படி வேலை செய்யுது?'னு கேட்டா, முழிக்கப் போறது சீனியர் இல்லை, நாமதான்.

அதனால இன்னொரு நோட்டு போடுங்க பாஸ். மார்க் கிடையாது, சைன் கிடையாது. கண்ணுல படுற எளிய எந்திரத்தை வரையணும். எப்படி வேலை செய்யுதுன்னு உங்க ஊகத்தைப் பேனாவால எழுதணும். அப்புறம்தான் புத்தகத்தைத் திறக்கணும். ஊகம் தப்பானாலும் அழிக்கக் கூடாது. பக்கத்துலயே சரியானதை எழுதிட்டுப் போங்க.

கிணத்து ராட்டினத்துல ஆரம்பிக்கலாம். அது பாரத்தைக் குறைக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறோம். இல்லவே இல்லை! 15 கிலோ வாளியைத் தூக்க 15 கிலோவுக்கான விசை வேணும், உராய்வுக்குக் கூடவே கொஞ்சம். திசை மட்டும்தான் மாறுது. கீழ்நோக்கி இழுக்கும்போது நம்ம உடம்பு எடையும் சேர்ந்துக்கறதால சுலபமா தெரியுது.

அடுத்து நகவெட்டி. மேல் கைப்பிடி ஒரு நெம்புகோல். கீழே இருக்கிற ரெண்டு தகடும் இடுக்கி மாதிரி இன்னொரு நெம்புகோல். வெட்டுற நுனி, ஆப்பு. கைப்பிடி விசையைக் கூட்டுது, தகடு கொஞ்சம் குறைச்சிடுது. நடு ஊசியை நுனிக்கு அவ்வளவு பக்கத்துல வெச்சது எதுக்குன்னு வரைஞ்சு பாருங்க, புரியும்.

நம்ம ஃபேவரைட், கார் தூக்குற ஸ்க்ரூ ஜாக்கி. கையை விட்டாலும் கார் இறங்காம நிக்கணும்னா அந்தத் திருகோட எஃபிஷியன்ஸி 50 சதவிகிதத்துக்குக் கீழேதான் இருக்கணும். 50-க்குக் கீழே போனா நமக்கு அரியர், ஜாக்கிக்கு அதுதான் தகுதி!

இந்த நோட்டு விஷயத்துல தலைவர், லியனார்டோ டா வின்சி. இடது கையால, கண்ணாடியில பார்த்தாப்ல திருப்பித் திருப்பி எழுதின மனுஷன். பாரம் கூடினா உராய்வும் கூடும், தொடுற பரப்பு மாறினா மாறாதுன்னு குறிச்சு வெச்சார். வெளியிடலை. 1699-ல பிரான்ஸின் அமான்டன் அதையே தனியா கண்டுபிடிச்சுச் சொல்ல, விதி அவர் பேர்ல போயிடுச்சு. வழவழப்பான பொருள் எதுவா இருந்தாலும் உராய்வு எடையில கால் பங்குன்னும் லியனார்டோ எழுதியிருக்கார். அது தப்பு, பொருளுக்குப் பொருள் மாறும். அந்த வரியும் இன்னிக்கு வரைக்கும் பத்திரமா இருக்கு.

தனியா எழுத போரடிச்சா ரூம்மேட்டைச் சேர்த்துக்கோங்க. ஒரே ஸ்பேனர், ரெண்டு நோட்டு, ரெண்டு ஊகம். தோத்தவர் டீ வாங்கித் தரணும். வடை அவரவர் இஷ்டம்!