விஎம்களுக்கு நடுவுல என்ன ஓடுது? என்கிரிப்ஷன் பாலிசி பற்றி ஒரு எபிசோட்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வெர்ச்சுவல் மெஷின். ஒண்ணுல அப்ளிகேஷன், இன்னொண்ணுல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நடுவுல ஐபிசெக் போட்டு எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணியாச்சுன்னு டீம்ல சொல்லிட்டேன், டாக்குமென்ட்லயும் எழுதிட்டேன். ஒரு நாள் வேற ஏதோ ஸ்லோவா இருக்குன்னு ஹோஸ்ட்ல டிசிபிடம்ப் ஓட்டினேன். திரையில கஸ்டமர் பேரு, போன் நம்பர் எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி ஓடுது. வயித்தைக் கலக்கிடுச்சு. லாக்கை எடுத்துப் பார்த்தா, பதினொரு நாளா அப்படித்தான் ஓடியிருக்கு. ஒரு அலாரம்கூட அடிக்கல.

உள் நெட்வொர்க்குக்கு எதுக்கு என்கிரிப்ஷன்?

"உள்ளுக்குள்ளதானே போகுது, யாரு பார்க்கப் போறா?" இதைத்தான் நிறைய பேர் கேட்கறாங்க. 2013 அக்டோபர்ல வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி போட்டது. ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களை வச்சு, கூகுள், யாஹூ டேட்டா சென்டர்களுக்கு நடுவுல போற இணைப்புகளை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் ஒட்டுக் கேட்டதாச் சொன்ன செய்தி அது. கூகுள்ல வெளியில இருந்து வர்ற டிராஃபிக்குக்கு டிஎல்எஸ் இருந்தது. உள்ள போனதும் அதைக் கழட்டிட்டாங்க. சிக்கல் அங்கதான்.

நம்ம அளவுலயும் இதே கதைதான். விலேன், விஎக்ஸ்லேன் ரெண்டும் டிராஃபிக்கைப் பிரிக்குமே தவிர மறைக்காது. விஎக்ஸ்லேன்ங்கறது பாக்கெட்டை இன்னொரு யுடிபி பாக்கெட்டுக்குள்ள போட்டு அனுப்பறது, அவ்வளவுதான். நடுவுல இருக்கற ஸ்விட்ச்சையோ இன்னொரு ஹோஸ்ட்டையோ ஒருத்தர் பிடிச்சிட்டா, உள்ள இருக்கறதைத் தாராளமாப் படிக்கலாம்.

பாலிசி வேற, சாவி வேற

ஐபிசெக்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். எந்த டிராஃபிக்கை என்ன செய்யணும்னு சொல்றது பாலிசி. அதுக்கான சாவி, அல்காரிதம் எல்லாம் இருக்கறது செக்யூரிட்டி அசோசியேஷன். சுருக்கமா எஸ்ஏ.

2005ல வந்த ஆர்எஃப்சி 4301 படி ஒரு பாக்கெட்டுக்கு மூணு தீர்ப்புதான்: என்கிரிப்ட் பண்ணி அனுப்பு, அப்படியே விடு, தூக்கிப் போடு.

அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைச்சுக்கோங்க. "பூட்டின பெட்டி மட்டும்தான் வெளியே போகணும்"னு அவர்கிட்ட சொல்லி வச்சது பாலிசி. பூட்டும் சாவியும் எஸ்ஏ. சாவி தொலைஞ்சாலும் சொல்லி வச்சது அவர் மனசுல இருந்தா, பெட்டி உள்ளேயே நிக்கும். சாவியோட சேர்த்து சொல்லி வச்சதும் மறந்து போச்சுன்னா? திறந்த பெட்டியையும் சிரிச்சுக்கிட்டே அனுப்பி வைப்பார்.

எனக்கு எங்கே கசிஞ்சது?

நான் ஸ்ட்ராங்ஸ்வான் வச்சிருந்தேன். அதுல ஸ்டார்ட் ஆக்‌ஷன்னு ஒரு செட்டிங் உண்டு. நான் கொடுத்தது "ஸ்டார்ட்". சர்வீஸ் வந்ததும் டனலைத் தானாக் கிளப்பும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டனல் முறையா மூடப்பட்டா, எஸ்ஏவோட பாலிசியும் கர்னல்ல இருந்து போயிடும்.

நடந்தது இதுதான். டேட்டாபேஸ் விஎம்மை அப்டேட்டுக்காக ரீபூட் பண்ணோம். அது இறங்கும்போது "டனலை மூடிக்கறேன்"னு எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிட்டு இறங்குச்சு. அப்ளிகேஷன் பக்கம் பாலிசி போச்சு. டேட்டாபேஸ் திரும்ப எழுந்திருச்சப்போ ஐபிசெக் சர்வீஸ் எழுந்திருக்கல. பூட்ல தானா ஆரம்பிக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். நாங்க பயன்படுத்தினது டிரான்ஸ்போர்ட் மோட். அதாவது டனல் இருந்தாலும் இல்லாட்டியும் அதே ஐபி முகவரிதான். அப்ளிகேஷன் ரீகனெக்ட் பண்ணுச்சு, கனெக்‌ஷன் கிடைச்சது, வேலை நடந்தது. யாருக்கும் ஒண்ணும் தெரியல.

கனெக்‌ஷன் அறுந்து போயிருந்தா அஞ்சு நிமிஷத்துல போன் வந்திருக்கும். அறுந்து போகாததுதான் பிரச்சினை.

எப்படிச் சரி பண்ணினேன்?

முதல் மாற்றம்: ஸ்டார்ட் ஆக்‌ஷனை "டிராப்" ஆக்கினேன். 'பொறி'ங்கற அர்த்தத்துல வர்ற வார்த்தை இது, தூக்கிப் போடற டிராப் இல்லை. இதுல பாலிசி எப்பவும் கர்னல்ல உட்கார்ந்திருக்கும். எஸ்ஏ இல்லாத நேரத்துல பாக்கெட் வந்தா, அதை வெளியே விடாம, டனலை அமைக்கச் சொல்லி ஐகேஇ டீமனை எழுப்பும். டனல் வரலைன்னா டிராஃபிக்கும் போகாது.

இரண்டாவது: ஃபயர்வால். டேட்டாபேஸ் பக்கத்துல, 5432 போர்ட்டுக்கு வர்ற பாக்கெட் ஐபிசெக் வழியா வந்திருந்தா மட்டும் ஏத்துக்கோ, இல்லைன்னா தூக்கிப் போடுன்னு ஒரு ரூல். ஐபிடேபிள்ஸ்ல இதுக்குன்னே பாலிசி மேட்ச் இருக்கு. ஐபிசெக் சர்வீஸ் எழுந்திருக்காட்டியும் இந்த ரூல் தனியா நிக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல படுத்தாதான் கசியும்.

மூணாவது: எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டும் விதிவிலக்கு. அது ஏற்கனவே என்கிரிப்ட் ஆனதுதான். இந்த விதிவிலக்கு இல்லாம மொத்த சப்நெட்டுக்கும் கட்டாய பாலிசி போட்டா, ஒரு எழுத்துப் பிழைக்கே நீங்க மெஷினுக்கு வெளியே நிப்பீங்க. எனக்கு டெஸ்ட் செட்டப்ல அதுவும் நடந்தது. கன்சோல் வழியா உள்ளே போய்த்தான் எடுத்தேன்.

சோதிக்கும்போது ஏமாந்துடாதீங்க

லினக்ஸ்ல விஎம்முக்குள்ளயே டிசிபிடம்ப் ஓட்டினா, உள்ளே வர்ற பாக்கெட் சில சமயம் ரெண்டு தடவை தெரியலாம். முதல்ல இஎஸ்பியா, அப்புறம் டிகிரிப்ட் ஆனதா. "ஐயோ, பச்சையா வருதே"ன்னு பதறாதீங்க. கேவிஎம்னா ஹோஸ்ட்ல இருந்து அந்த விஎம்மோட விநெட் இன்டர்ஃபேஸைப் பாருங்க. அங்க இஎஸ்பி மட்டும்தான் தெரியணும். அப்புறம் ஒரு பக்கம் ஐபிசெக் சர்வீஸை வேணும்னே நிறுத்துங்க. அப்ளிகேஷன் எரர் அடிச்சா, பாஸ். வழக்கம்போல வேலை செஞ்சா, ஃபெயில்.

ரெண்டு நடைமுறைச் சிக்கல்

ஒண்ணு எம்டியு. என்கிரிப்ஷன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எடை கூட்டும். வயர்கார்டு ஐபிவி4 மேல 60 பைட், ஐபிவி6 மேல 80 பைட் சேர்க்கும். அதனாலதான் 1500ல 80 போக 1420னு வைப்பாங்க. கீழே ஏற்கனவே விஎக்ஸ்லேன் ஓடி 1450தான் கிடைக்குதுன்னா, 1370க்கு இறக்கணும். இல்லைன்னா பிங் போகும், சின்ன க்வெரி போகும், பெரிய ரிசல்ட் வரும்போது தொங்கும்.

இன்னொண்ணு சிபியு. ஏஇஎஸ் கணக்கைப் போட ப்ராசஸர்லயே தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டு. ஆனா விஎம்முக்குப் பழைய சிபியு மாடலைக் கொடுத்திருந்தா அது உள்ளே தெரியாது, எல்லாம் சாஃப்ட்வேர்ல ஓடி வேகம் படுத்துடும். விஎம்முக்குள்ள சிபியு ஃப்ளாக்ஸ்ல ஏஇஎஸ் இருக்கான்னு ஒருமுறை பாருங்க.

வயர்கார்டு போதாதா?

நிறைய இடத்துல போதும். 2020ல வந்த லினக்ஸ் 5.6 கர்னல்லயே அது சேர்ந்துடுச்சு. அதுல தனி ஐபி கிடைக்கறதால, டேட்டாபேஸை அந்த ஐபியில மட்டும் கேட்கச் சொல்லலாம். டனல் இல்லைன்னா நேர் வழியில அந்த முகவரியே கிடையாது. எனக்கு நடந்தது மாதிரி சத்தமில்லாம கசிய வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஐபி மாத்த முடியாத பழைய அப்ளிகேஷன்களுக்கு ஐபிசெக் டிரான்ஸ்போர்ட் மோட்தான் வசதி.

ஒண்ணை மறக்காதீங்க. இது வழியில ஒட்டுக் கேட்கறதைத்தான் தடுக்கும். ஹைப்பர்வைசரையே ஒருத்தர் பிடிச்சிட்டா, விஎம்மோட மெமரியில இருந்தே சாவியை எடுத்துடலாம். அதுக்கு ஏஎம்டி எஸ்இவி, இன்டெல் டிடிஎக்ஸ் மாதிரி வேற ஏற்பாடு வேணும். அதை இன்னொரு எபிசோட்ல பேசலாம்.

அந்தப் பதினொரு நாளைப் பத்தி மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டல. "இப்ப இருக்கறது சரின்னு எப்படித் தெரியும்?"னு மட்டும் கேட்டார். இப்போ வாரம் ஒருமுறை, டெஸ்ட் விஎம்ல டனலை வேணும்னே நிறுத்திப் பார்க்கற ஒரு ஸ்கிரிப்ட் ஓடுது. அப்ளிகேஷன் எரர் அடிக்கலைன்னா எனக்கு மெசேஜ் வரும்.

உங்க செட்டப்ல இன்னைக்கே ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எழுதுங்க.