இர்ஃபான் கான்: சின்னத்திரை தின்ற ஆண்டுகள்

1988-இல் வெளிவந்த 'சலாம் பாம்பே' படத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெருவோரம் உட்கார்ந்து காசுக்குக் கடிதம் எழுதித் தரும் ஓர் இளைஞர் கொஞ்ச நேரம் வந்துபோவார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். இயக்குநர் மீரா நாயர் அவருக்கு முதலில் வைத்திருந்தது அதைவிடப் பெரிய வேடம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவரை பம்பாய்க்கு வரவழைத்து, தெருச் சிறுவர்களோடு பயிற்சியிலும் சேர்த்திருந்தார். படப்பிடிப்பு நெருங்கியபோது, அந்தச் சிறுவர்களுக்கு நடுவே இவர் உயரம் பொருந்தவில்லை என்று வேடம் கைமாறியது. அன்றிரவு அழுது தீர்த்ததை இர்ஃபான் கான் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

திரைப்பட நாயகனாக அவர் நிலைகொள்ள அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. நடுவில் அவருக்குச் சோறு போட்டது தொலைக்காட்சி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் காலத்தை இரண்டு வரியில் கடந்து ஹாலிவுட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை.

இர்ஃபான் 1967-இல் ராஜஸ்தானில் பிறந்தவர். டோங்க் பகுதிப் பட்டாணியர் குடும்பம். தந்தை டயர் வியாபாரி, வேட்டைப் பிரியர். மகனோ கறியைத் தொடமாட்டார். பட்டாணியர் வீட்டில் ஒரு பிராமணப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தந்தை கேலி செய்வாராம். கிரிக்கெட்டில் சி.கே. நாயுடு போட்டிக்குத் தேர்வாகியும், போய்வரப் பணம் புரட்ட முடியாமல் அந்தக் கனவு நின்றுபோனது. 1984-இல் நாடகப் பள்ளியில் இடம் கிடைத்த சமயத்தில் தந்தை இறந்துவிட்டார். பள்ளி தந்த உதவித்தொகையில்தான் படிப்பு நடந்தது. உடன் படித்த சுதபா சிக்தர் எழுத்தாளரானார். 1995-இல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

தூர்தர்ஷன் அப்போது வளமாக இருந்தது. ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் இர்ஃபான் நடித்தார். 'சாணக்யா'வில் சேனாபதி பத்ரசால். 'லால் காஸ் பர் நீலே கோடே' என்ற ரஷ்ய நாடகத் தழுவலில் லெனின். உருதுக் கவிஞர்களைப் பற்றிய 'கஹ்கஷான்' தொடரில் ஹைதராபாத் புரட்சிக் கவிஞர் மக்தூம் மொகிதீன். 'சந்திரகாந்தா'வில் மாறுவேடத்தில் திரியும் ஒற்றர் பத்ரிநாத். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தது. பெயரைத்தான் யாரும் கேட்கவில்லை.

தனியார் சேனல்கள் வந்தபின் வேலை பெருகியது, சலிப்பும் பெருகியது. அந்தக் காலத் தொடர்களில் கோபம் என்றால் கத்த வேண்டும், துக்கம் என்றால் கண்ணீரை நேரே கேமராவுக்குக் காட்ட வேண்டும். மனதில் உள்ளதை வசனம் சொல்லிவிடும். முகத்துக்கு வேலை மிச்சம் இருக்காது. இர்ஃபானின் பலமோ முகத்தை அசைக்காமலே மனதைத் தெரியவைப்பது. நடிப்பை விட்டுவிடலாம் என்று அவர் நினைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

அவரை மீட்டது 'தி வாரியர்'. லண்டனைச் சேர்ந்த ஆசிஃப் கபாடியாவின் முதல் முழுநீளப் படம், 2001-இல் வந்தது. கொடுங்கோல் பிரபு ஒருவனின் அடியாளாக ஊர்களைக் கொளுத்தியவன், ஒருநாள் வாளைக் கீழே போட்டுவிட்டு இமயத்தை நோக்கி நடக்கிறான். பேச்சு மிகக் குறைவு. பாலையும் பனியும் இர்ஃபானின் முகமுமே கதையைச் சொல்கின்றன. சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. 2003-இல் 'ஹாசில்', 2004 தொடக்கத்தில் 'மக்பூல்' திரையரங்குக்கு வந்து இந்தித் திரையுலகமும் விழித்துக்கொண்டது. 2006-இல் மீரா நாயர் தம் பழைய கடனைத் தீர்த்தார்: 'தி நேம்சேக்' படத்தில் அசோக் கங்குலி. அமெரிக்காவில் குடியேறிய அந்த வங்காளி அப்பாவின் கூச்சமும் பாசமும் பார்த்தவர் மனதைவிட்டுப் போகாது.

2010-இல் அவர் மறுபடி சின்னத்திரைக்குப் போனார். எச்பிஓவின் 'இன் ட்ரீட்மென்ட்' தொடரில், மனைவியை இழந்து நியூயார்க்கில் மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் கொல்கத்தாக்காரர் சுனில். ஒரே அறை, எதிரே மனநல ஆலோசகராக கேப்ரியல் பைர்ன், இடைவிடாத பேச்சு. பழைய தொடர்களைப் போல இங்கும் வசனமே எல்லாம். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் எடுத்துக்கொள்ளும் தயக்கத்தில், சொல்லாமல் மறைப்பது எது என்று நாம் தேடத் தொடங்கிவிடுகிறோம். என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த வேலைகளில் இதுவும் ஒன்று. நம் ஊரில் பார்த்தவர்கள் குறைவு.

'பான் சிங் தோமர்' 2010-இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டும், திரையரங்குக்கு வர 2012 ஆயிற்று. நாடகப் பள்ளிக் காலத்து நண்பர் திக்மான்ஷு தூலியா இயக்கியது. ராணுவ வீரராக இருந்து, தடைதாண்டும் ஓட்டத்தில் தேசிய சாம்பியனாகி, கடைசியில் சம்பல் கொள்ளைக்காரரான ஒருவரின் உண்மைக் கதை. இர்ஃபானுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே 2012-இல் ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை'யில் அவர் புதுச்சேரிக்காரர் ஆனார்: அங்கே வளர்ந்து, கடலில் எல்லாவற்றையும் இழந்து, கனடாவில் நடுவயதை எட்டிய பை பட்டேல். படகில் தன்னோடு தப்பிப் பிழைத்து, கரையேறியதும் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்ட புலியைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் கண் கலங்காதவர்கள் அரிது.

'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) படத்தில் அவர் ஓய்வுபெறப்போகும் குமாஸ்தா. வழிதவறி வந்த சாப்பாட்டு அடுக்கைத் திறந்து, முகர்ந்து, ஒருமுறை அடுக்கையே சந்தேகமாகப் பார்க்கிறார். ஒரு வார்த்தை இல்லாமலே அவருடைய தனிமை முழுதும் தெரிந்துவிடுகிறது. இரவில் அவர் தனியாக உட்கார்ந்து, இறந்த மனைவி பதிவுசெய்து வைத்த பழைய தூர்தர்ஷன் தொடரைப் பார்க்கும் காட்சியும் உண்டு.

2018-இல் அரிதான நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி என்று தெரிந்து லண்டனில் சிகிச்சை எடுத்தார். திரும்பிவந்து 'அங்ரேஸி மீடியம்' நடித்து முடித்தார். 2020 மார்ச் 13-இல் படம் வெளியாக, சில நாட்களில் கொரோனாவால் திரையரங்குகள் மூடப்பட்டன. ஏப்ரல் 25-இல் ஜெய்ப்பூரில் தாய் இறந்தபோது, ஊரடங்கால் மும்பையிலிருந்து போக முடியவில்லை. நான்கு நாட்கள் கழித்து அவரும் போய்விட்டார்; வயது 53.

அவரை 'ஸ்லம்டாக் மில்லியனர்', 'ஜுராசிக் வேர்ல்டு' வழியாக மட்டும் அறிந்தவர்கள் 'தி லஞ்ச்பாக்ஸ்', 'பான் சிங் தோமர்' இரண்டையும் கட்டாயம் பாருங்கள். கிடைத்தால் 'இன் ட்ரீட்மென்ட்' மூன்றாம் பருவத்தையும் தேடிப் பாருங்கள்.