பாதை பிரியும் இடம்

காலை எட்டரை மணி. மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்யாண் சந்திப்பின் நடைமேம்பாலத்தில் நிற்கிறோம். கீழே, நடைமேடைக்குச் சற்று வெளியே, சிவப்பு விளக்கின் முன் ஒரு புறநகர் மின்வண்டி நிற்கிறது. வாயிற்படிகளில் நெருக்கியடித்து நிற்போர் கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையை நீட்டி முன்னே நோக்குவதுமாக இருக்கின்றனர். ஒலிபெருக்கி மன்னிப்புக் கோருகிறது: பாயிண்ட் பழுதால் வண்டிகள் தாமதம்.

மும்பைவாசிகள் அனைவரும் அறிந்த சொல் இது. பத்து நிமிடத் தாமதம் என்பது பலருக்கு அலுவலகப் பதிவேட்டில் ஒரு ‘லேட் மார்க்’. நாட்கூலிக்குச் செல்வோர் சிலருக்கு அன்றைய வேலையே கைநழுவுதல். எனவே சினம் எழுவது இயல்பே. ஆயினும் அந்தச் சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது, அது எதைக் காத்து நிற்கிறது என்பதை அறிந்தால் நம் பார்வை சற்றே மாறக்கூடும்.

நாக்கும் மூக்கும்

இரயில் வண்டிக்குத் திசை திருப்பும் கருவி கிடையாது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வண்டியை நிறுத்தலாம். இடமோ வலமோ திருப்ப அவரால் இயலாது. வண்டி எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தண்டவாளமே முடிவு செய்கிறது. அம்முடிவு எடுக்கப்படும் இடமே பாயிண்ட்.

ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு விளிம்பு தாழ்ந்து நிற்கிறது. தண்டவாளத்தின் உட்பக்கத்தை ஒட்டி அது ஓடுவதால் சக்கரம் பாதையை விட்டு விலகுவதில்லை. பாதை பிரியுமிடத்தில், அசையாத இரு வெளித் தண்டவாளங்களுக்கு இடையே, கத்திமுனை போல் சீவப்பட்ட இரு தண்டவாளங்கள் உள்ளன. நாக்கு எனப்படும் இவ்விரண்டும் இரும்புத் தண்டுகளால் பிணைக்கப்பட்டு ஒன்றாகவே நகர்கின்றன. ஒரு நாக்கு தன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது மற்றது விலகி நிற்கும். ஒட்டிய நாக்கு சக்கரத்தைத் தன் வழியே அழைத்துச் செல்லும். விலகிய நாக்கு விட்ட இடைவெளியில் மறுபக்கச் சக்கரத்தின் விளிம்பு தடையின்றிக் கடக்கும். நம் அகலப்பாதையில் நெடுங்காலமாக வழங்கிவரும் வகையில் நாக்கு நகரும் தொலைவு 115 மில்லிமீட்டர். அதாவது அரைச் சாண். அந்த அரைச் சாண்தான் ஒரு வண்டி நாசிக் பக்கம் செல்வதா, புணே பக்கம் செல்வதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நாக்கைக் கடந்ததும் மற்றொரு சிக்கல் எதிர்ப்படும். இடப்பாதையின் வலத் தண்டவாளமும் வலப்பாதையின் இடத் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அது. சக்கர விளிம்பு கடப்பதற்காக அங்கே தண்டவாளத்தில் இடைவெளி விட்டாக வேண்டும். இரு தண்டவாளங்களும் கூடும் கூர்முனையை மூக்கு என்பர். சக்கரம் இடைவெளியைத் தாண்டும் கணத்தில் மூக்கின் தவறான பக்கத்தில் நுழைந்துவிடாதிருக்க, எதிர்ப்புறத்தில் ஒரு காப்புத் தண்டவாளம் அதன் இணைச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. நிலையத்தை நெருங்கும்போது நம் காலடியில் எழும் ‘தடக் தடக்’ ஓசைக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பிரிவின் கூர்மைக்கும் கணக்கு உண்டு. பன்னிரண்டு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் விலகும் கோணத்தை ‘12-இல் 1’ என்றும், எட்டரை மீட்டருக்குள் ஒரு மீட்டர் விலகுவதை ‘8.5-இல் 1’ என்றும் குறிப்பர். பின்னது குறைந்த இடத்தில் அடங்கும். ஆனால் வண்டி ஊர்ந்தே செல்ல வேண்டும். வளைந்த நாக்குகள் கொண்ட 12-இல் 1 வகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. விரைவுப் பாதையிலிருந்து மெதுப் பாதைக்கு மாறும் மின்வண்டி வேகம் தணித்து, ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சாய்ந்து செல்வது இதனால்தான். வாயிற்படியில் தொங்குவோரின் பிடி நழுவக்கூடிய இடமும் இதுவே.

இரட்டைச் சாவி

நாக்கு நகர்ந்துவிட்டது, ஆனால் முழுமையாக ஒட்டியதா? பாதியில் நின்றால் சக்கரங்கள் இரு வழிகளிலும் இழுக்கப்பட்டு வண்டி தடம் புரளும். எனவே பாயிண்டும் சிக்னலும் ஒன்றையொன்று மீற இயலாதவாறு பிணைக்கப்பட்டுள்ளன. ‘இன்டர்லாக்கிங்’ எனப்படும் இம்முறைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அன்று நெம்புகோல்களும் இரும்புத் தண்டுகளும் செய்த பணியைப் பின்னர் மின்காந்த ரிலேக்களும் இன்று கணினிகளும் செய்கின்றன, கோட்பாடு மாறவில்லை.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை எண்ணிப் பார்ப்போம். வாடிக்கையாளரின் சாவி மட்டுமோ வங்கியின் சாவி மட்டுமோ அதைத் திறக்காது. இரண்டும் பொருந்த வேண்டும். இங்கும் அவ்வாறே. நிலைய அதிகாரி பலகையில் வழியைத் தேர்ந்ததும் மின்விசை இயந்திரம் நாக்கை நகர்த்திப் பூட்டுகிறது. பூட்டியதை ஒரு தனிச் சுற்று சரிபார்த்துச் சான்றளிக்கிறது. பாதையில் வேறு வண்டி இல்லை என்பதும், அதே இடத்தை வெட்டிச் செல்லும் வேறு எந்த வழிக்கும் அனுமதி தரப்படவில்லை என்பதும் உறுதியாக வேண்டும். இவையனைத்தும் கூடினால்தான் சிவப்பு அகலும். வண்டி பாயிண்டைக் கடந்து முடிக்கும்வரை அந்தப் பூட்டைத் திறக்கவும் இயலாது.

நாக்கின் முனையருகே ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டை வைத்துப் பார்ப்பது பராமரிப்பில் வழக்கமான சோதனை. அத்துண்டு இடையில் இருக்கையில் பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. சிக்னலும் இறங்கக் கூடாது. ஆகவே, தண்டவாளத்துக்கு இடையே சிக்கிய ஒரு சிறு ஜல்லிக்கல்லே காலை நேரத்தில் ஆயிரக்கணக்கானோரை நிறுத்திவிட முடியும். அக்கல்லின் மேல் வண்டியை விடுவதைக் காட்டிலும் நிறுத்துவதே நன்று என்பது இவ்வமைப்பின் தீர்ப்பு. அதன்பின் ஊழியர்கள் பாயிண்டருகே சென்று கைப்பிடியால் நாக்கை நகர்த்தி, கவ்வியிட்டுப் பூட்டி, ஓட்டுநருக்கு எழுத்துமூல அனுமதி தந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக மெதுவாகக் கடக்கச் செய்வர். தாமதத்தின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது.

பாடமான பேரிழப்பு

இச்சரிபார்ப்பு பொய்த்தால் என்ன நேரும் என்பதை 2023 ஜூன் 2 அன்று நாடு கண்டது. ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பஹனாகா பஜார் நிலையத்தை நோக்கிச் சென்னை செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி வந்துகொண்டிருந்தது. நேர்வழிக்கான பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்டோ சரக்கு வண்டி நின்றிருந்த கிளைப்பாதையை நோக்கி இருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் மின்சுற்றில் மாற்றம் செய்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டறிந்தது. கம்பி இணைப்பு ஒன்றை மாற்றியபின் முழுச் சோதனை நிறைவேறும்வரை பச்சை விளக்கை நம்பலாகாது என்பதை அந்த மாலை மிகக் கொடிய விலைக்குக் கற்பித்தது.

பாதைகள் குறுக்கிடும்போது

பாதுகாப்பைப் போலவே நேரமும் சந்திப்பில்தான் நிர்ணயமாகிறது. மும்பையில் நாள்தோறும் 3,000-க்கும் மேற்பட்ட புறநகர் வண்டிகள் ஓடுகின்றன. நேர்ப்பாதையில் அவை சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஆனால் கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கசாரா வழியே நாசிக் நோக்கி, மற்றொன்று கர்ஜத் வழியே புணே நோக்கி. புறநகர் வண்டிகளும் தொலைதூர வண்டிகளும் இங்கே கலக்கின்றன. ஒரு வண்டி எதிர்த்திசைப் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்லும்போது அதன் கடைசிப் பெட்டி கடக்கும்வரை எதிரே வரும் வண்டி காத்திருக்க வேண்டும். எத்தனை பாதைகள் இட்டாலும் அவை கூடும் இடத்தில் இடமில்லையெனில் பயன் குறைவே.

இதற்கு மிகச் சிறந்த தீர்வு, வெட்டிச் செல்லாமல் மேலே தாண்டிச் செல்வதாகும். மும்பையிலேயே அதற்குப் பழைய சான்று உண்டு. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்வண்டி ஓடிய துறைமுகப் பாதை, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே முதன்மைப் பாதையின் மேலாக உயர்ந்து கிழக்கே செல்கிறது. இன்றும் அந்நிலையத்தில் கீழ்த்தளம் ஒன்று, மேல்தளம் ஒன்று. மற்றொரு தீர்வு, தொலைதூர வண்டிகளுக்குத் தனிப்பாதை. 2022-இல் தாணே–திவா இடையே ஐந்தாம், ஆறாம் பாதைகள் திறக்கப்பட்டது அந்நோக்கத்துடனே.

இரவின் சில மணி நேரம்

இத்தனையையும் பேணுவோருக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. நள்ளிரவு கடந்து கடைசி வண்டி ஓய்ந்தபின், விடியலுக்கு முன் முதல் வண்டி புறப்படும்வரை உள்ள சில மணி நேரமே அவர்களுடையது. போதாததை ஞாயிற்றுக்கிழமை ‘மெகா பிளாக்’ நிறைவு செய்கிறது. விடுமுறை நாளில் வண்டியை நிறுத்துகிறார்களே என்று நாம் நொந்துகொள்ளும் அந்த நேரத்தில், வெயிலில் குனிந்து ஒருவர் நாக்கு நழுவும் தகடுகளைத் துடைத்து மசகிடுகிறார். மற்றொருவர் தேய்ந்த மூக்கை அளக்கிறார். மழைக்காலத்தில் பணி இரட்டிப்பாகும். தாழ்வான இடங்களில் தண்டவாளத்தின் மேல் நீர் ஏறினால், பாயிண்டை நகர்த்தும் இயந்திரமும் அதன் சரிபார்ப்புச் சுற்றும் முதலில் பாதிக்கப்படும். அப்போதும் ஐயம் எழுந்தால் விளக்கு சிவப்பாகவே நிற்கும்.

கல்யாணில் நாம் நின்ற மேம்பாலத்தின் கீழே பளிச்சிடும் மேலுடுப்பு அணிந்த இருவர் தண்டவாளத்திலிருந்து நிமிர்ந்து கையசைத்தனர். சிறிது நேரத்தில் சிவப்பு மறைந்து மஞ்சள் தோன்றியது. வண்டி மெல்ல நகர்ந்து, நாக்கின் மேல் ஒருமுறை சாய்ந்து, மூக்கின் மேல் ‘தடக்’ என்று ஒலித்து நடைமேடையை அடைந்தது. இறங்கியவர்களும் ஏறியவர்களும் விரைந்தனர். அவ்விருவரும் பாதையோரம் ஒதுங்கி நின்று கடைசிப் பெட்டி கடக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பாயிண்டை நோக்கி நடந்தனர்.