காணாமல் போகும் சனிக்கிழமை

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லா விமானம் அங்கே போய்ச்சேர பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும். ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று சில நாள்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதற்காகப் போகும்போது பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே. ஆக, போய்வந்தவர் பூமியையே ஒரு சுற்று சுற்றி வந்தவராகிறார்!

அருகிலுள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு 2004ல் தொடங்கிய சேவை 2013ல் நின்றது. நான்கு என்ஜின் விமானம் குடித்த எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. இரண்டு என்ஜின் ஏர்பஸ் ஏ350 வந்தபின் 2018ல் மீண்டும் தொடங்கினார்கள். அதில் 161 இருக்கைகள்தாம். எகானமி வகுப்பே கிடையாது.

இனி கடிகாரத்துக்கு வருவோம். நியூயார்க் கோடையில் நமக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நள்ளிரவில் இங்கே ஏறினால், அன்று விடியற்காலையிலேயே அங்கே இறங்கிவிடலாம். திரும்பும் கணக்குதான் வம்பு. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அங்கே ஏறினால் இங்கே இறங்குவது ஞாயிறு அதிகாலை. சனிக்கிழமை ஆகாயத்திலேயே தீர்ந்துவிடும். புரட்டாசிச் சனி விரதக்காரர்கள் கவனிக்க!

இது வெறும் வேடிக்கையுமல்ல. வீட்டில் துக்கம் என்று செய்தி கேட்டு வெள்ளி இரவே புறப்பட்டாலும் சனிக்கிழமை இறுதிச் சடங்குக்கு வந்துசேர முடியாது. கோலாலம்பூருக்கு அங்கிருந்து நேரடி விமானமே இல்லை. மாறிவரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தூரத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களை எதிர்பார்த்துச் சடங்கு நேரம் குறிக்கும் பெரியவர்களும் இந்தக் கணக்கை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெற்றோரை அங்கே அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் தெரியாத அம்மா தனியாகப் போகிறார் என்றால், விலை கூடினாலும் நேரடி விமானமே நிம்மதி. முன்பின் தெரியாத விமான நிலையத்தில் வாசல் தேடி அலைய வேண்டாம். துணையோடு போகும், முழங்கால் வலிக்காரரான அப்பாவுக்கோ நடுவில் இறங்கி நடக்க ஒரு நிறுத்தம் இருப்பதே நல்லது. எப்படிப் போனாலும் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டலாம். இன்சுலின் போடுபவர்கள் எந்த ஊர் நேரப்படி போடுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.