மணிக்கணக்கில் தேயும் இயந்திரங்கள்

கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. அவற்றைப் பராமரிக்கும் பழக்கம் இனிதான் வரவேண்டும்.

2015 ஜனவரி. பொலிவியாவின் உயூனி உப்புச் சமவெளியில் மழைத் தண்ணீர் ஏரிபோல் தேங்கி நின்றது. டாக்கர் ராலியின் மோட்டார் சைக்கிள் பிரிவில் அன்று முன்னணியில் இருந்தவர் ஸ்பெயின் வீரர் ஜோன் பரேடா. சமவெளியைக் கடக்கும்போது சிதறிய உப்பு நீர் மின் இணைப்புகளுக்குள் புகுந்தது. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள் உருவாக்கிய ஹோண்டா வண்டி நின்றுபோனது. சக வீரர் ஜெரேமியாஸ் இஸ்ராயல் கயிறு கட்டி இழுத்துச் செல்லவேண்டியதாயிற்று. பரேடாவின் முதலிடம் பறிபோக, கோப்பை மார்க் கோமாவுக்குப் போனது. அதே ராலியில் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 36வது இடத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டார். டாக்கரை முடித்த முதல் இந்தியர் அவர்.

எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் ஒரு ஒயர் இணைப்பு அதைச் சாய்த்துவிடும் என்பதை டாக்கர் ஆண்டுதோறும் நிரூபிக்கிறது. ‘மாரத்தான்’ எனப்படும் கட்டங்களில் இரவு முகாமில் மெக்கானிக்குகள் வண்டியைத் தொடக்கூடாது. ஓட்டியவரே ஸ்பானரை எடுக்கவேண்டும். மற்ற போட்டியாளர்கள் உதவலாம். உதவிக் குழுவே இல்லாமல் ஓடும் ஒரு பிரிவும் உண்டு. அதில் ஒருவரின் கருவிகளும் உதிரி பாகங்களும் 80 லிட்டர் பெட்டி ஒன்றுக்குள் அடங்கவேண்டும்.

2020இல் சவுதி அரேபியாவில் இந்த விதியின் கடுமையை உணர்ந்தவர் இந்தியாவின் ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்ச்சுகல் வீரர் பாவுலோ கொன்சால்வெஸ். மூன்றாம் கட்டத்தில் எஞ்சின் பழுதானது. உதவி லாரி மாற்று எஞ்சினுடன் வரும்வரை பல மணி நேரம் பாலைவனத்தில் காத்திருந்து, தன் கையாலேயே அதைப் பொருத்தி, ஓட்டத்தைத் தொடர்ந்தார். ஐந்து நாட்களுக்குப் பிறகு ஏழாம் கட்டத்தில் நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். ஓட்டத் தெரிவதும் பழுது பார்க்கத் தெரிவதும் இந்த விளையாட்டில் வேறு வேறு திறமைகள் அல்ல என்பதற்கு அந்த மூன்றாம் நாள் சாட்சி.

இதெல்லாம் பந்தயக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 97,000 ரூபாய்க்கு வந்தபோது, மண் பாதையில் ஓட்டும் ஆசை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. 2024 நவம்பரில் கேடிஎம் நிறுவனம் மோட்டோகிராஸ், எண்டியூரோ ரக வண்டிகளை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 450 சிசி மோட்டோகிராஸ் வண்டியின் விலை பத்து லட்ச ரூபாய்க்கு மேல். சாலையில் ஓட்டப் பதிவு கிடையாது. வாங்குபவர்களில் பலர் இதுவரை அறிந்த வண்டிகளோ வேறு ரகம்.

வித்தியாசம் கணக்கிலேயே தெரியும். புல்லட் 350 தருவது சுமார் 20 குதிரைத் திறன். 450 சிசி மோட்டோகிராஸ் எஞ்சின் தருவது 50க்கும் மேல். அதைச் சுமக்கும் வண்டியின் எடையோ புல்லட்டைவிட வெகு குறைவு. இந்த வேகத்துக்கு விலை ஆயுள். பிஸ்டன் குட்டையானது, எடை குறைந்தது. எஞ்சினில் ஆயிலின் அளவும் குறைவு. அது சீக்கிரம் கெடும். எனவே பராமரிப்பைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, மணியில் அளக்கிறார்கள். ஹோண்டாவின் சிஆர்எஃப் 450ஆர் பந்தய வண்டியின் கையேடுகள் பிஸ்டனையும் ரிங்குகளையும் ஏறக்குறைய 15 மணி நேரப் பந்தய ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யவேண்டியது ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இந்தக் கெடு சற்று நீளலாம். ஆனால் சாலை வண்டியைப் போல் பல ஆயிரம் கிலோமீட்டர் காத்திருந்தால், பிஸ்டன் உடைந்து சிலிண்டர், கிராங்க் என்று செலவு பல மடங்காகும்.

எஞ்சினின் முதல் எதிரி புழுதி. சாலை வண்டிகளில் இருக்கும் காகித ஃபில்டருக்குப் பதிலாக இவற்றில் எண்ணெய் தடவிய பஞ்சு போன்ற ஃபோம் இருக்கும். புழுதியைப் பிடித்து நிறுத்துவது அந்த எண்ணெய்தான். கழுவிவிட்டு எண்ணெய் தடவாமல் மாட்டினால் மண் நேராக சிலிண்டருக்குப் போகும். பட்டறைகளில் பெட்ரோலில் கழுவும் வழக்கமும் ஆபத்தானது: தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம், ஃபோமை ஒட்டியிருக்கும் பசை கரைந்து விளிம்பு பிளப்பது மறுபுறம். உள்ளே போகும் நுண்மணல் வால்வுகளை அரிக்கும். அதன் முதல் அறிகுறி, நேற்றுவரை ஒரே உதையில் கிளம்பிய வண்டி இன்று முரண்டு பிடிப்பது. பலர் அப்போது பிளக்கை மாற்றிப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது வால்வு இடைவெளியை.

இரண்டாவது எதிரி அக்கறை என்ற பெயரில் வருகிறது. சேற்றைப் போக்க அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும்போது சக்கர பேரிங்குகளின் கிரீஸ் வெளியேறி, நீர் உள்ளே தங்கிவிடுகிறது. தொங்குகிறதே என்று செயினை இறுக்கிவிடுவதும் இப்படித்தான். நீண்ட சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயினுக்குக் கூடுதல் நீளம் தேவை. அது இல்லாவிட்டால் இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல் விழும். ஸ்போக்குகளைச் சோதிக்க ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். ஒன்று தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவை அதன் சுமையை ஏற்று வரிசையாகத் தளரும்.

இந்த விவரங்களின் அருமை ஊருக்குள் தெரியாது. மணாலியிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கின் காஸாவுக்குப் போகும் பாதையில், 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் குன்சும் கணவாயின் இருபுறமும் தெரியும். அங்கே பனி உருகி ஓடும் நீரோடைகள் பிற்பகலில் பெருகும். ஓடைக்கு நடுவே எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி நின்றுபோனால், உடனே ஸ்டார்ட் செய்யும் முயற்சி கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து நீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினை இயக்கவேண்டும். இதைச் சொல்லித்தர அந்த வழியில் பட்டறை எதுவும் இருக்காது. உடைந்த கிளட்ச் லீவர், அறுந்த கேபிள் போன்ற சில நூறு ரூபாய்ப் பொருட்கள் அங்கே ஓர் இரவைத் தீர்மானிக்கின்றன. இருட்டும் குளிரும் சேர்ந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

திறமை இந்தியாவுக்குப் புதிதல்ல. 2022இல் ஜோவாக்கிம் ரோட்ரிகஸ் டாக்கரின் ஒரு கட்டத்தை ஹீரோ வண்டியில் வென்றார். 2024இல் அதே அணியின் ராஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பிடித்தார். அந்த ஆண்டே கேரளத்தின் ஷோரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டி ராலி 2 பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் 11வது இடமும் பெற்றார். அந்த அணிகளின் கூடாரங்களில் ஒவ்வொரு இரவும் நடக்கும் வேலை, சாதாரண பட்டறைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மணிக்கணக்கு மீட்டர், ஒவ்வொரு ஓட்டத்தையும் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம், கழுவி எண்ணெய் தடவித் தயாராக வைத்த இன்னொரு ஃபில்டர் ஆகியவையே தொடக்கம். இத்தகைய வண்டியைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்த்து மயங்கவேண்டாம். அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்கட்டும். அது இல்லையென்றால், எஞ்சினைப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குவதே நல்லது.