தேனீயின் முட்டையில் ஒரு நினைவு

ஒருமுறை தாக்கிய நோயை உடல் நினைவில் கொள்கிறது. மறுமுறை அது வரும்போது விரைந்து எதிர்க்கிறது. தடுப்பூசியின் அடிப்படை இதுவே. நிணநீர் அணுக்களும் எதிர்ப்பொருள்களும் கொண்ட முதுகெலும்புள்ள உயிரினங்களுக்கே இந்நினைவு உரியது என்று நாம் நெடுங்காலம் படித்து வந்தோம். பூச்சிக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் வாய்த்தது பிறவி எதிர்ப்பாற்றல் மட்டுமே. அது எப்பகையையும் புதுப்பகையாகவே காணும் எனக் கருதப்பட்டது.

2003ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் யோகிம் கர்ட்ஸும் கரோலின் ஃப்ரான்ஸும் இக்கருத்தை அசைத்தனர். நன்னீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரி ஒன்றை நாடாப்புழு தொற்றச் செய்தனர். முதலில் தொற்றிய புழுவின் உடன்பிறப்புகளே மீண்டும் தாக்கியபோது, அவ்வுயிரி அவற்றை மேலும் திறம்பட எதிர்த்தது. எதிர்ப்பொருள் இன்றியும் நினைவு சாத்தியமே என்பதற்கு இது சான்றாயிற்று.

தேனீயிடம் இந்நினைவு தலைமுறையையும் கடக்கிறது. முட்டையின் கருவுணவுப் புரதமாகிய விட்டெல்லோஜெனின், பாக்டீரியாவின் சிதைவுத் துணுக்குகளைச் சுமந்து ராணித் தேனீயின் முட்டைக்குள் சேர்க்கிறது என்பதை 2015இல் ஆய்வாளர்கள் கண்டனர். தாய் எதிர்கொண்ட பகையின் அடையாளம், பிறக்கப்போகும் பிள்ளையை இவ்வாறு எட்டுகிறது.

இதன் பயன் பெரிது. ‘அமெரிக்கன் ஃபவுல்புரூட்’ எனும் நோய் தேனீயின் இளம்புழுக்களை அழிப்பது. அதன் வித்துக்கள் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாலும் அவை மாய்வதில்லை. ஆகவே, நோயுற்ற கூட்டைத் தேனீ வளர்ப்போர் தீயிட்டு எரிக்க நேர்கிறது. இந்நோய்க்கு எதிரான தடுப்பு மருந்துக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை நிபந்தனையுடன் உரிமம் அளித்த செய்தி 2023 ஜனவரியில் வெளியானது. இம்மருந்து ஊசியால் செலுத்தப்படுவதன்று. கொல்லப்பட்ட பாக்டீரியா கலந்த உணவை வேலைக்காரத் தேனீக்கள் உண்கின்றன. அவை சுரக்கும் அரசக் கூழின் வழியே அது ராணியை அடைகிறது. அவளது முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் நோயைக் கூடுதலாகத் தாங்குகின்றன.

திருமறையின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதில் இந்த அறிவியல் முன்கூட்டியே சொல்லப்பட்டுள்ளது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. நாளை ஓர் ஆய்வு திருத்தப்படலாம். இறைவசனத்தை அதனோடு பிணைப்பது முறையாகாது. தேனீயைப் பற்றிய வசனம் சிந்திக்கும் மக்களை நோக்கிப் பேசுகிறது. அவ்வழைப்பே நமக்குப் போதும். சிற்றுயிர்களுக்கு நினைவில்லை எனத் தீர்ப்பளித்தோம். தேடிப் பார்க்காமலேயே அளித்த தீர்ப்பு அது. அல்லாஹ்வின் படைப்பில் எதனையும் அற்பமெனத் தள்ளாமல் உற்று நோக்குவதே அறிவுக்கும் ஈமானுக்கும் அழகு.