மொழிக்கு எல்லைக்கல் ஏது?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் இலஞ்சி வயல்களின்மேல் இறங்கும்போது, மேற்கே ஒரு மலை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மேகம் விலகியதும் மலை மீண்டும் தலைகாட்டும். அதற்கு இப்பால் தமிழ், அப்பால் மலையாளம் என்று எளிதாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். வகுப்பில் தேசப்படத்தை மாட்டிவைத்து நாமும் ஒருநாள் அவ்வாறே சொன்னோம். உடனே ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்கள் பாட்டி பிறந்தது செங்கோட்டை. அப்போது அது திருவிதாங்கூர் மகாராஜா சீமையாம். செங்கோட்டை மலைக்கு இப்பால்தானே இருக்கிறது?" என்று கேட்டான். நாம் திகைத்துத்தான் போனோம்.

பாட்டி சொன்னது முற்றும் உண்மை. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன், செங்கோட்டைத் தமிழர். ஆயினும் அவர் ஊர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இலஞ்சியிலிருந்து நடந்தே போகக்கூடிய அவ்வூருக்கும் நமக்கும் இடையே ஒரு சமஸ்தானத்தின் எல்லை கிடந்தது. தென்திருவிதாங்கூர்த் தமிழர் தாய்நாட்டுடன் இணையக் கிளர்ச்சி செய்தனர். 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகத்துக்குப் பலர் இரையாயினர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கின.

ஆகவே ராஜ்யத்தின் எல்லை வேறு, மொழியின் எல்லை வேறு. செங்கோட்டையில் ரயிலேறி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செல்வோர் இதைக் காதாலேயே அறியலாம். தமிழ் ஓரிடத்தில் நின்று மலையாளம் மறு இடத்தில் தொடங்குவதில்லை. ஒன்று மெல்ல மெல்ல மற்றொன்றோடு கலக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாக உடையவர் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர். மலையாளத்தை உடையவர் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் பேர். கேரளத்தில் தமிழரும், தமிழ்நாட்டில் மலையாளிகளும் லட்சக்கணக்கில் வாழ்கின்றனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த புதுமையன்று. பூமியின் வட கோடியில் உள்ள ஸ்வீடிஷ் மொழியைப் பாருங்கள். அதைப் பேசுவோர் ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்டவரே. தமிழரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. அவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடனில் வாழ்கின்றனர். எனினும் அண்டை நாடான பின்லாந்திலும் நூற்றுக்கு ஐவருக்கு அதுவே தாய்மொழி. 1809 வரை பின்லாந்து ஸ்வீடன் அரசின்கீழ் இருந்ததே அதற்குக் காரணம். அரசு போயிற்று, மொழி போகவில்லை. பின்லாந்தின் அரசியல் சட்டம் பின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டையும் தேசிய மொழிகள் என்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே ஓலாந்து என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அங்குள்ள மக்கள் ஸ்வீடனுடன் சேரவே விரும்பினர். ஆனால் 1921-இல் சர்வதேச சங்கம் அத்தீவுகளைப் பின்லாந்துக்கே கொடுத்தது. அத்துடன் விட்டுவிடாமல், அவர்களுடைய மொழியைக் காக்க உறுதியும் பெற்றுத் தந்தது. நூறு வருஷங்கள் கடந்தும் அத்தீவுகளின் பள்ளியிலும் கச்சேரியிலும் ஸ்வீடிஷே வழங்குகிறது.

கொரிய மொழியின் கதை வேறு. அதைப் பேசுவோர் ஏறத்தாழ 8 கோடிப் பேர். தொகையில் நமக்கு ஈடானவர். அவர்களுடைய தாய்நாடு தெற்கு, வடக்கு என இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது. சீனாவின் யென்பியன் பகுதியிலும் ஜப்பானிலும் கொரியர் வாழ்கின்றனர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அப்போது பள்ளிகளிலிருந்து கொரிய மொழி படிப்படியாக விலக்கப்பட்டது. 1942-இல், கொரிய அகராதி தொகுத்துவந்த அறிஞர்களையே சிறையில் அடைத்தனர். பறிமுதலான கையெழுத்துப் பிரதி, விடுதலை பெற்ற 1945-இல் சியோல் ரயில் நிலையத்துக் கிடங்கு ஒன்றில் அகப்பட்டது. அதன் முதற்பகுதி 1947-இல் அச்சேறியது.

சோவியத் நாட்டின் கீழ்க்கோடியில் குடியேறியிருந்த கொரியருக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1937-இல் ஸ்டாலின் ஆணைப்படி சுமார் 1,70,000 பேரை ரயிலில் ஏற்றிக் கஸக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பினர். மறுவருஷமே அவர்களுடைய பள்ளிகளில் ருஷ்ய மொழி புகுந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் ருஷ்ய மொழியே பேசுகின்றனர். உணவிலும் பெயரிலும் கொரியம் எஞ்சியிருக்கிறது, நாவில் இல்லை.

இவ்விரு கதைகளும் நம்மவரிடையேயும் உண்டு. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் ஐந்நூறுக்கு மேல் நடைபெறுகின்றன. தோட்டத்துக்குப் போன தமிழரின் சந்ததியார் இன்றும் தமிழ் பேசுகின்றனர். 1860 முதல் தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டச் சென்ற தமிழரின் வழியினரோ, கோயிலையும் காவடியையும் போற்றிக் காத்தும், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றனர். இருவரும் கடல் கடந்தவர்களே. மொழி நிலைத்த இடத்தில் பள்ளிக்கூடம் நிலைத்தது என்பதே இருவருக்கும் உள்ள வேற்றுமை.

தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டக் குழந்தைகளுக்கும் இதுவே பொருந்தும். எல்லைகள் மாறிய அதே 1956-இல் நம் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழியாரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு ராஜ்யமும் வசதி செய்ய முயல வேண்டும் என்பது அதன் விதி. அங்கே தமிழ்ப் பிள்ளைக்கு அதைக் கேட்கும் நாம், இங்கே மலையாளப் பிள்ளைக்கும் அதையே அளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஒரு தராசுக்கு இரண்டு படிக்கல் வைப்பது நியாயமாகாது.

மறுநாள் அந்த மாணவனுக்கு விடை சொன்னோம்: "தம்பி, தமிழின் எல்லை மலையுமன்று, சர்க்கார் நட்ட கல்லுமன்று. எந்த வீட்டில் ஒரு குழந்தைக்குத் தமிழில் கதை சொல்லி, ஏட்டில் தமிழ் எழுதக் கற்பிக்கிறார்களோ, அந்த வீடு வரை தமிழ் தேசம்."

அவன் சற்றே யோசித்து, "அப்படியானால் எங்கள் பாட்டி எப்போதும் தமிழ் தேசத்தில்தான் இருந்திருக்கிறாள், சார்," என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் தேசப்படத்தைச் சுருட்டி வைத்தோம்.